நாடாளுமன்றத் தலைவர்களின் நிலைப்பாட்டை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபாநாயகர், அவை முன்னவர், எதிர்க்கட்சித் தலைவர், பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் என இவர்களில் யார் வாய் திறந்தாலும், நாடாளுமன்றமே முடிவெடுத்துவிட்டது போலச் செய்தி பரவுகிறது. சொன்னவர் எந்தப் பதவியில் இருந்து சொன்னார், அந்த விஷயத்தில் அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் உண்டு என்று பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

2008 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து, மன்மோகன் சிங் அரசுக்கு அளித்துவந்த ஆதரவை இடதுசாரிக் கட்சிகள் விலக்கிக்கொண்டன. குடியரசுத் தலைவரிடம் மார்க்சிஸ்ட் கட்சி கொடுத்த எம்.பி.க்கள் பட்டியலில் சோம்நாத் சட்டர்ஜியின் பெயரும் இருந்தது. அவரோ அப்போது மக்களவையின் சபாநாயகர். கட்சி சொல்லியும் பதவி விலக மறுத்து, ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பை அவரே நடத்தினார். 275-க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. மறுநாள் கட்சி அவரை நீக்கியது.

இதைப் படித்துவிட்டு, 'அவர் ஒப்பந்தத்தை ஆதரித்தவர்' என்று எழுதுவது எளிது. ஆனால் அரசியலமைப்பின் 100-வது பிரிவுப்படி, வாக்குகள் சமமாக இருந்தாலொழிய சபாநாயகர் வாக்களிக்க முடியாது. அன்று அவர் எடுத்த நிலைப்பாடு, சபாநாயகர் பதவி கட்சிக்கு அப்பாற்பட்டது என்பதே. 1967-இல் சபாநாயகரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸ் உறுப்பினர் பதவியையே துறந்தார். சட்டர்ஜி கட்சி அட்டையை வைத்துக்கொண்டே அதே கொள்கையைப் பேசினார். அவர் செய்தது சரியா என்று வாதாடலாம். பேசாததைப் பேசியதாக அவர் தலையில் கட்டக் கூடாது.

அதே நிகழ்வில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. அன்று அவையின் முன் இருந்தது அரசின் மீதான நம்பிக்கைத் தீர்மானம். ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கே வரவில்லை, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது இந்தியாவில் அரசின் நிர்வாக அதிகாரம். அமெரிக்க செனட்டைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் இங்கே தேவையில்லை. ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்தார் என்பதால் அது நின்றுவிடாது.

அதற்காக அவருடைய பேச்சை வெறும் சத்தம் என்று தள்ளிவிடுவதும் தவறுதான். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்படும் இடத்தில் நாடாளுமன்றத்தின் பிடி இறுகும். 2010-இல் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாக நின்றன. அதனால்தான் உபகரணம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு அதில் வலுப்பட்டது. நிலத்தை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். பங்களாதேஷுடன் நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் 100-வது திருத்தம் வந்தது இப்படித்தான். 1974-இல் கச்சத்தீவுக்கு அப்படி ஒரு திருத்தம் கொண்டுவரப்படவில்லை என்பது நம் மனத்தில் இன்னும் ஆறாத புண். அதை மீட்க வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அது ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு மாநிலம் கட்சி பேதமின்றி ஒரே குரலில் பேசியதன் பதிவு அது. இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அரசைக் கண்காணிப்பது என்றால் அவையில் நடக்கும் அமளி என்று நினைக்கிறோம். உண்மையான வேலை குழுக்களில், மூடிய கதவுகளுக்குள் நடக்கிறது. தணிக்கை அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர். 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சிக்குத் தரப்படுகிறது. குழுத் தலைவர் நிருபர்களிடம் சொல்வது குழுவின் முடிவு ஆகாது. 2ஜி விவகாரத்தில் 2011-இல் அப்போதைய குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவு அறிக்கையைக் குழுவிலேயே பலர் ஏற்க மறுத்தார்கள். அறிக்கை அவையில் வைக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் 'குழு சொன்னது' என்று எழுதலாம்.

சட்டம் இயற்றும் விஷயத்தில் பலரும் சறுக்கும் இடம், 'ஆம்', 'இல்லை' என்ற குரல்களை வைத்து முடிவெடுக்கும் குரல் வாக்கெடுப்பு. அதில் யார் பக்கம் யார் நின்றார் என்று பெயர் பதிவாகாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறின. 'டிவிஷன்', அதாவது வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டு எதிர்க்கட்சிகள் போராடியதும் பெயர் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான். பெயர் பதிவான இடத்திலும், இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவு இருந்ததா என்று பாருங்கள். உத்தரவை மீறினால் பதவி பறிபோகலாம் என்ற நிலையில் விழுந்த வாக்கு, அந்த உறுப்பினரின் மனத்தைக் காட்டாது.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா வேறு கதை. 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் அதே வடிவில் சட்டமாகவில்லை. 2019-இல் சட்டமானது அரசு கொண்டுவந்த வேறொரு மசோதா. இரண்டையும் ஒன்றாக்கி, இன்றுள்ள சட்டத்தின் குறைகளை அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.