பிட்யூட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாணி அளவு, ஏறத்தாழ அரை கிராம் எடை. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் சிறு எலும்புக் குழியில் இருக்கும் பிட்யூட்டரியை ‘தலைமைச் சுரப்பி’ என்று மனப்பாடம் செய்து நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. அதுவே மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. பிட்யூட்டரியின் பின்மடல் எந்த ஹார்மோனையும் தயாரிப்பதில்லை. ஹைப்போதலாமஸில் உருவாகும் ஆக்ஸிடோசினையும் வாசோபிரெசினையும் சேமித்து, வேண்டும்போது வெளிவிடுகிறது. சொந்தமாகச் சுரப்பது முன்மடல்தான்.

“டி.எஸ்.எச். நார்மல், தைராய்டில் ஒன்றுமில்லை” என்று ரிப்போர்ட்டை மடித்துவைப்பது அடுத்த தவறு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். தைராய்டு சோர்ந்தால் அது இன்னும் அதிகமாகச் சுரந்து விரட்டும், எண் ஏறும். பிட்யூட்டரியே பழுதாகிவிட்டால் எப்படி ஏறும்? நார்மல்போலவே காட்டலாம். அந்தச் சந்தேகம் இருந்தால், தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி பழுதானால், உடல் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்டிசால் ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அதனால் அதன் அளவைப் பார்க்காமல் தைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. மிச்சமிருக்கும் கொஞ்ச கார்டிசாலும் வேகமாகத் தீர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிரசவத்துக்குப் பின் நடப்பது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது. பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு ரத்த அழுத்தம் சரிந்தால், ரத்தம் எட்டாமல் முன்மடல் செல்கள் மடிந்துபோகலாம். இதுதான் ஷீஹான் நோய்க்குறி. பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, ஓயாத அசதி, குளிர் தாங்காது. வீட்டிலோ “பத்தியம் ஒழுங்கா இருந்தியா?” என்று தாயையே கேட்பார்கள். பல பெண்களுக்கு இது ஆண்டுகள் கழித்தே பிடிபடுகிறது. பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்ற ஒரு கேள்வி போதும், மருத்துவரின் கவனம் சரியான இடத்துக்குத் திரும்ப. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருந்தால், உடனே அந்தச் சுரப்பியில் கட்டி என்று பயப்பட வேண்டாம். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோனும் சில மனநல மருந்துகளும் அதை ஏற்றிவிடும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கட்டியே இருந்தாலும் பிட்யூட்டரிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

சுரப்பிக்குச் சற்று மேலேதான் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கின்றன. கட்டி வளர்ந்து அங்கே அழுத்தினால் இரு பக்க ஓரப் பார்வையும் மங்கும். நேரே பார்ப்பது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்றால், கண்ணாடிப் பவரை மாற்றிக்கொண்டிருக்காமல், ஓரப் பார்வையையும் அளக்கும் பார்வைப்புலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.