அம்மா போனில் காலண்டர் ஆப்

ராகுகாலம் பார்க்க அம்மாவின் போனில் ஒரு காலண்டர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தேன். போன வாரம் செட்டிங்ஸில் அதன் அனுமதிகளைப் பார்த்ததும் திக்கென்றது. இருப்பிடம், தொடர்புகள், மைக் மூன்றும் திறந்து கிடந்தன. நாள் பார்க்கும் ஆப்புக்குச் சொந்தக்காரர்களின் நம்பர் எதற்கு?

ராகுகாலத்துக்கு அடிப்படையான சூரிய உதயத்தைக் கணக்கிட ஊர் தெரிந்தால் போதும், தெரு வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் தனியாக அணைக்கலாம், அணைத்தேன். தொடர்புகளையும் மைக்கையும் அடைத்தேன். ராகுகாலம் வழக்கம்போல வந்தது.

ஆனால் ஏற்கெனவே போன தகவல் இதனால் அழியாது. அப்புறம் தனியுரிமைக் கொள்கையில் இருந்த மின்னஞ்சலுக்கு, அம்மாவின் கணக்கையும் தகவலையும் நீக்கச் சொல்லி எழுதினேன். நான்காம் நாள் நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது.