மின்திறன் திட்டமிடல் மாடலுக்குத் தரவு தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கெடுப்பு ஒன்றில் சில எண்கள் பிசகியிருந்தால், கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். சராசரி பெரும்பாலும் தப்பிவிடும். மின்திறன் திட்டமிடல் மாடலில் அந்தச் சலுகை கிடையாது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் எந்த வகை மின்நிலையத்தை எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று கேட்டால், மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் விடையை அது தேடும். பத்துத் தொழில்நுட்பங்களில் ஒன்றின் விலை தவறுதலாகக் குறைந்து பதிவாகியிருந்தால், மாடல் நேராக அதன்மேல் போய் நிற்கும். விலை தவறுதலாகக் கூடிப்போனதோ தேர்வாகவே செய்யாது. அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஆக, தரவில் இருக்கும் பிழைகளில் தனக்குச் சாதகமானவற்றை மட்டும் மாடல் பொறுக்கி எடுத்து, அவற்றின்மேல் திட்டத்தைக் கட்டுகிறது. தரவு தயாரிப்பை மாடலிங்கின் முன்வேலை என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. வேலையின் பெரும்பகுதி அதுதான்.

நேரம் நகர்ந்துபோவது

அதிகம் நடப்பதும், கண்டுபிடிக்கக் கடினமானதும் இதுதான். மின்தேவைப் பதிவு உள்ளூர் நேரத்தில் இருக்கும். சூரிய ஒளி, காற்று விவரங்களை நாசாவின் மெர்ரா-2, ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ-5 போன்ற தொகுப்புகளிலிருந்து எடுப்போம். அவை யுடிசி நேரத்தில் (உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்தில்) இருக்கும். இரண்டையும் அப்படியே பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் ஆண்டின் மணிக்கு ஒன்றாக 8760 வரிகளும் கச்சிதமாகப் பொருந்தும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் யுடிசிக்கு 6 மணி நேரம் பின்தங்கிய ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே நண்பகல் என்பது யுடிசியில் மாலை 6 மணி. மாற்றாமல் விட்டால், மின்தேவை உச்சத்தைத் தொடும் மாலை வேளையில் சூரியன் உச்சியில் நிற்கும். பேட்டரி எதுவும் தேவையில்லை, சூரிய மின்சாரமே போதும் என்று மாடல் சொல்லிவிடும். யுடிசிக்கு முந்திய ஊர்களில் இதற்கு நேர்மாறு: விடிந்தும் விடியாததுமாகச் சூரிய உற்பத்தி உச்சம் தொட்டு, பிற்பகலிலேயே அணைந்துவிடும், பேட்டரி அளவுக்கு மீறிக் கட்டப்படும்.

அரைமணி, முக்கால்மணி வித்தியாசம் உள்ள நேர மண்டலங்களில் முழு மணிக்கணக்கில் நகர்த்தினால் போதாது. இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட வேண்டும். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரமும், இன்னொரு நாள் 25 மணி நேரமும் இருக்கும். நெட்டாண்டில் வரிகள் 8784. பிப்ரவரி 29-ஐ ஒரு கோப்பில் நீக்கிவிட்டு மற்றொன்றில் விட்டுவைத்தால், மார்ச் முதல் டிசம்பர் வரை எல்லாமே ஒருநாள் தள்ளிப் போகும். இன்னொரு நுணுக்கம்: ஈ.ஆர்.ஏ-5 தொகுப்பில் கதிர்வீச்சு என்பது குறிப்பிட்ட நேரத்தில் முடியும் ஒருமணி நேரத்தின் கூட்டுத்தொகை, காற்றின் வேகமோ அந்தக் கணத்தின் மதிப்பு. நேரமுத்திரை மணியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, முடிவையா என்பதை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். பாதுகாப்பான வழி, எல்லாவற்றையும் முதலில் யுடிசிக்கு மாற்றி, ஒட்டி, கடைசியில் மட்டும் உள்ளூர் நேரத்துக்குக் கொண்டுவருவது.

வெவ்வேறு ஆண்டுகளின் வானிலையைக் கலப்பது

மின்தேவைக்கு 2022, காற்றுக்கு 2012, சூரிய ஒளிக்குப் பல ஆண்டுச் சராசரி என்று, கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான தரவுதான். ஆனால் தேவையும் உற்பத்தியும் ஒரே வானிலையின் பிள்ளைகள். கடுங்குளிரில் வீடுகளைச் சூடாக்கும் தேவை ஏறும்போது காற்று ஓய்ந்து கிடப்பதுண்டு. வெப்ப அலையில் ஏசிகள் ஓடும்போது சூரிய ஒளி தாராளமாக இருப்பதுண்டு. இந்தத் தொடர்பு அறுந்தால், எவ்வளவு காப்புத்திறன் தேவை என்ற கேள்விக்கான விடையே அறுந்துவிடும். மூன்றுக்கும் ஒரே நாள்காட்டி ஆண்டு வேண்டும்.

இதைவிட ஆபத்தானது சராசரி ஆண்டு. முப்பது ஆண்டுகளின் ஜனவரி 14, இரவு 9 மணிக் காற்றையெல்லாம் கூட்டி முப்பதால் வகுத்தால் ஒரு மிதமான எண் கிடைக்கும். இப்படியே 8760 மணிக்கும் செய்தால், காற்றே வீசாத நாள் ஒன்றுகூட இல்லாத ஓர் ஆண்டு உருவாகும். அப்படியோர் ஆண்டு உலகில் எங்கும் வந்ததில்லை. மின்கட்டமைப்பைத் திணறடிப்பது தொடர்ந்து நான்கைந்து நாள் காற்றும் வெயிலும் குன்றிப்போகும் காலம்தான். சராசரி அதைத்தான் முதலில் அழிக்கிறது. காற்றின் வேகத்தைச் சராசரியாக்கிவிட்டுப் பிறகு மின்சாரமாக மாற்றுவது இன்னொரு பிழை. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வினாடிக்கு 4 மீட்டரும் 12 மீட்டரும் மாறி மாறி வீசும் இடமும், எப்போதும் 8 மீட்டர் வீசும் இடமும் ஒன்றல்ல. மணிவாரியாக மின்சாரமாக மாற்றிய பிறகே கூட்டலும் வகுத்தலும். அணைகளுக்கும் இதே எச்சரிக்கை: சராசரி நீர்வரத்தை மட்டும் கொடுத்தால் வறண்ட ஆண்டு என்று ஒன்று இருப்பதே மாடலுக்குத் தெரியாது.

கணினி நேரத்தைக் குறைக்க, ஒத்த நாட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஆண்டு முழுவதையும் சில மாதிரி நாட்களாகச் சுருக்குவது நியாயமான வழிதான். அப்போது குழுவின் சராசரியை எடுக்காமல், அந்தக் குழுவுக்கு மிக நெருக்கமான உண்மையான ஒரு நாளை எடுங்கள். உச்சத் தேவை வந்த நாளையும், காற்றும் வெயிலும் மிகக் குறைந்த நாளையும் தனியாகச் சேருங்கள். ஒவ்வொரு மாதிரி நாளும் எத்தனை நாட்களுக்குப் பதிலாக நிற்கிறது என்ற எடைகளைக் கூட்டினால் 365 வருகிறதா என்று பாருங்கள். நாட்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் துண்டுதுண்டாக நின்றால், வாரக்கணக்கில் ஆற்றலைத் தேக்கிவைக்கும் சேமிப்பின் மதிப்பை மாடல் காணவே முடியாது. அதை அறியாமல் "நீண்டகாலச் சேமிப்பு லாபமில்லை" என்று அறிக்கை எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

தேவைப் பதிவில் என்ன அடங்கியிருக்கிறது?

மின்நிலைய வாசலில் அளந்ததா, நுகர்வோர் மீட்டரில் அளந்ததா? நடுவில் இருப்பது மின்னிழப்பு. மாடல் தானாகவே இழப்பைக் கணக்கிடும் என்றால் இரண்டுமுறை கழிந்துவிடக் கூடாது. மின்வெட்டு இருந்த காலத்தின் பதிவு, மக்களுக்குத் தேவைப்பட்டதைக் காட்டாது. கொடுக்க முடிந்ததை மட்டுமே காட்டும். அதை அடிப்படையாக வைத்தால் பற்றாக்குறை எதிர்காலத்திலும் தொடரும்படி திட்டமிட்டதாக ஆகும். கூரைச் சூரிய மின்சாரத்தைக் கழித்த நிகரத் தேவையை எடுத்துக்கொண்டு, அதே கூரைப் பலகைகளை நிறுவுதிறன் பட்டியலிலும் சேர்ப்பது இரட்டைக் கணக்கு.

வருங்காலத் தேவைக்குப் பழைய வளைவை ஒரே எண்ணால் பெருக்குவதும் சரிவராது. மின்வாகனமும் ஏசியும் கூடும்போது தேவையின் அளவோடு அதன் வடிவமும் மாறுகிறது. உச்சம் வேறு மணிக்கு நகரலாம்.

பணத்தின் ஆண்டும் தவணையும்

ஒரு கிலோவாட் நிறுவ 1000 டாலர் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆயுள் 25 ஆண்டு, வட்டி 7 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 86 டாலர். வட்டி 10 சதவீதமானால் 110 டாலர். முதலீடு அதிகமும் எரிபொருள் செலவு குறைவுமான காற்று, சூரியன், நீர், அணு ஆகியவற்றுக்கும், முதலீடு குறைந்த எரிவாயு நிலையத்துக்கும் இடையே யார் வெல்வது என்பதை இந்த ஒரு விகிதமே பல நேரங்களில் முடிவு செய்துவிடும். இதில் அடிக்கடி நேரும் பிசகு, பணவீக்கம் நீக்கிய விலைகளோடு பணவீக்கம் அடங்கிய வட்டியைச் சேர்ப்பது. 10 சதவீத வட்டியும் 5 சதவீதப் பணவீக்கமும் இருந்தால் உண்மையான விகிதம் சுமார் 4.8 சதவீதம். செலவுகள் அனைத்தும் ஒரே ஆண்டின் விலையில் இருந்தால் இந்த உண்மையான விகிதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். 2015 டாலரில் ஒன்றும் 2023 யூரோவில் ஒன்றுமாக விலைகளைக் கலக்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும் வருங்கால விலைச் சரிவைக் கொடுத்து மற்றதை இன்றைய விலையில் நிறுத்துவதும் அதே வகைக் கலப்புதான்.

மென்பொருள் எதைக் கேட்கிறது என்பதையும் படித்துத்தான் ஆக வேண்டும். பைப்சா, ஓசிமோசிஸ் இரண்டும் இவ்வகை மாடலுக்கான மென்பொருள்கள். பைப்சா வழக்கமாக ஆண்டுத் தவணையாக மாற்றிய மூலதனச் செலவை எதிர்பார்க்கும். ஓசிமோசிஸ் முழு முதலீட்டை வாங்கிக்கொண்டு கழிவு விகிதத்தை (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதத்தை) தானே பயன்படுத்தும். ஒன்றின் விரிதாளை மற்றொன்றில் அப்படியே ஏற்றினால் செலவு சுமார் பத்து மடங்கு அளவுக்குப் பிசகும். ஓசிமோசிஸில் திறனுக்குக் கிகாவாட்டும் ஆற்றலுக்குப் பெட்டாஜூலும் புழங்கினால், ஒரு கிகாவாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 31.536 பெட்டாஜூல் என்ற மாற்றெண்ணையும் தர வேண்டும். அதை மறந்து 1 என்று விட்டால் உற்பத்தி முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும்.

மின்நிலையங்களும் பேட்டரியும்

நிறுவுதிறன் மொத்தமா நிகரமா? நிலக்கரி நிலையம் தன் சொந்த இயக்கத்துக்கே உற்பத்தியில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். சூரியப் பலகையின் நேர்மின்னோட்ட (டிசி) திறனும் இன்வெர்ட்டரின் மாறுமின்னோட்ட (ஏசி) திறனும் வேறு. விலை ஒன்றிலும் உற்பத்தி வளைவு மற்றொன்றிலும் இருந்தால் இருபது, முப்பது சதவீதம்கூடப் பிசகும். எரிபொருள் விலை மொத்தக் கலோரி மதிப்பில் (எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்து) இருந்து, நிலையத்தின் செயல்திறன் நிகரக் கலோரி மதிப்பில் (அதைச் சேர்க்காமல்) இருந்தால் இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் 10 சதவீதம் வித்தியாசம் வரும். கார்பன் உமிழ்வு எரிபொருளின் வெப்பத்துக்கா, வெளிவரும் மின்சாரத்துக்கா என்பதும் அப்படியே: நிலக்கரிக்கு ஒரு மெகாவாட்-மணி வெப்பத்துக்குச் சுமார் 0.34 டன், 38 சதவீதச் செயல்திறனில் அது ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 0.9 டன். பைப்சா கேட்பது முதலாவதை.

பேட்டரிக்கு மெகாவாட்டும் (ஒரு நேரத்தில் தரும் திறன்) மெகாவாட்-மணியும் (தேக்கும் ஆற்றல்) தனித்தனி எண்கள். ஒரு கிலோவாட்-மணிக்கான விலையை கிலோவாட் என்ற இடத்தில் இட்டால், நான்கு மணி நேரப் பேட்டரி கால் விலைக்குக் கிடைக்கும்; மாடல் அதை அள்ளிக் குவிக்கும். போய்வரும் செயல்திறன் (ஏற்றிய மின்சாரத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 85 சதவீதம் என்றால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தலா 92.2 சதவீதம் தர வேண்டும். இரண்டிலும் 0.85 போட்டால் மொத்தம் 72 சதவீதமாகிவிடும்.

காலியாக இருக்கும் செல்லைச் சுழியமாக நிரப்பாதீர்கள். பராமரிப்புச் செலவு தெரியாத நிலையம், பராமரிப்பே தேவைப்படாத நிலையமாக மாறிவிடும். விரிவாக்க வரம்பு இல்லாத சிறந்த காற்றுத்தளமும் இப்படித்தான்: நாட்டின் மொத்தக் காற்றாலையும் வரைபடத்தின் ஒரே கட்டத்துக்குள் போய் உட்காரும்.

ஓட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

முதலில் வரைபடம். ஜூன் மாதத்து ஒரு வாரத்தையும் டிசம்பரில் ஒரு வாரத்தையும் எடுத்துத் தேவை, சூரியன், காற்று மூன்றையும் ஒரே தாளில் வரையுங்கள். நள்ளிரவில் சூரிய உற்பத்தி தெரிந்தால் நேரப்பிழை கையோடு சிக்கும். பிறகு ஆண்டு மொத்தத்தைக் கூட்டி, வெளியான அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் உழைப்புக் கேட்கும், ஆனால் தவிர்க்கவே கூடாது. புதிதாக எதுவும் கட்ட முடியாதபடி பூட்டிவிட்டு, கடந்துபோன ஓர் ஆண்டின் நிறுவுதிறனையும் தேவையையும் கொடுத்து மாடலை ஓட்டுங்கள். நிலக்கரி, எரிவாயு, நீர் ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் உண்மையில் எவ்வளவு உற்பத்தி செய்தன என்பதோடு விடையை வையுங்கள். எரிவாயு நிஜத்தைவிட மிகக் குறைவாக ஓடினால் எரிபொருள் விலையையும் கலோரி மதிப்பையும், நிலக்கரி ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் பழுது, பராமரிப்பு விகிதங்களையும், தேவை எங்காவது நிறைவேறாமல் போனால் மின்தொடர் (மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித்தடம்) வரம்பையும் மூடப்பட்ட நிலையங்களின் பட்டியலையும் முதலில் பாருங்கள்.