பின் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: குடும்பத்துக்கு ஒரு ஸ்போர்ட்டி ஆல் வீல் டிரைவ் கார்

ஓட்டுவதில் ருசி இருக்கிறது, ஆனால் பின்னால் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "உயரமா ஒரு எஸ்.யூ.வி. எடுத்துடுங்க, நாலு சக்கரமும் இழுக்கும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயரம் கூடினால் வளைவில் சாய்வும் கூடும், எடையும் கூடும். அந்தச் சாய்வை அடக்க சஸ்பென்ஷனை இறுக்குவார்கள், அதன் பலனைப் பின் சீட்டில் இருப்பவர்கள் அனுபவிப்பார்கள். தாழ்வான உடம்பும் நான்கு கதவும் தாராளமான டிக்கியும் உள்ள ஒரு செடானோ ஸ்டேஷன் வேகனோ இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

1980-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் ஆடி குவாட்ரோ என்ற கார் வந்த பிறகு, நான்கு சக்கர இழுவை (அதுதான் ஆல் வீல் டிரைவ்) சேற்றில் போகும் ஜீப்புக்கு மட்டும் என்ற எண்ணம் உடைந்தது. (அதற்கு முன்பே, 1966-இல், ஜென்சன் எஃப்.எஃப். என்ற கார் இருந்தது. மொத்தமே 320 வண்டிதான் செய்தார்கள், அதனால் அதை யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.) அடுத்து லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை உலக ராலி கார் பந்தயத்தில் உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. சுபாருவும் மிட்சுபிஷியும் ராலிக்காகச் செய்ததை நான்கு கதவு செடானில் போட்டு விற்றார்கள். ஆக, குடும்ப காரும் ராலி காரும் ஏற்கெனவே உறவுக்காரர்கள்தான்.

எங்கள் வீட்டில் பெரும்பாலும் வண்டி ஓட்டுவது நான். பின்னால் இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் முழங்கால் வலியோடு அப்பா. தம்பி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். கீழே எழுதியிருப்பதில் பாதி, அவனிடம் பழுதாகி வந்த வண்டிகள் கற்றுக்கொடுத்தது.

ஷோரூமுக்குள் போனதும் ஓட்டுநர் சீட்டில் உட்காராதீர்கள். அது உங்களை மயக்குவதற்கென்றே செய்யப்பட்டது. முதலில் பின் கதவைத் திறந்து பாருங்கள். ஸ்போர்ட்டி கார்களில் கூரை பின்னால் சரியும். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு குனிந்தால், அதன் தலையோ உங்கள் தலையோ இடிக்கும். உங்கள் குழந்தை சீட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் மெத்தைக்குள் புதைந்திருக்கின்றனவா, கை எட்டுகிறதா, மேல் பட்டையை மாட்டும் வளையம் எங்கே என்று பாருங்கள். கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம் தேவை. குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி ஆர்129-இன்படி வந்த சீட்டுகளில் குறைந்தது 15 மாதம் முடியும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், அந்தச் சீட்டு நீளத்தில் நிறைய இடம் பிடிக்கும். அதை மாட்டிய பிறகு முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது? அங்கே உங்கள் அப்பாவின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டினால், இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் விழுந்துவிடும். ஓட்டுவதற்கு அற்புதமான வண்டி, ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவுதான். குழந்தை சீட்டோடு ஒரு வாரம் பழகினால் முதுகு போய்விடும். அதே இன்ஜினையும் அதே நான்கு சக்கர அமைப்பையும் கொண்ட ஜி.ஆர். கொரொல்லாவுக்கு நான்கு பயணிக் கதவுகள் உண்டு.

பெரியவர்களுக்கு அளவு வேறு. சீட்டின் ஓரம் உயர்ந்திருக்கும் பக்கெட் சீட் வளைவில் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போது தொடையைக் குத்தும். அப்பாவை ஒருமுறை ஏறி இறங்கச் சொன்னேன், ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினார். அந்த மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

டிக்கிக்கு வருவோம். ஒரே மாடலில் சாதாரண வகைக்கும் ஆல் வீல் வகைக்கும் டிக்கி அளவு ஒன்றாக இருக்காது, ஏனென்றால் பின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) தரைக்கு அடியில் இடம் கேட்கும். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் 380 லிட்டர் இருந்தது, அதன் ஆல் வீல் வகையான ஆரில் 343 தான். அதனால் விளம்பரத் தாளில் உள்ள பொது எண்ணை நம்பாமல், வாங்கப்போகும் வகையின் எண்ணைக் கேளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் திரவம்தானா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது இழுவை. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு அமைப்புகளை விற்கிறார்கள். குவாட்ரோ என்ற பெயர் ஆடி ஏ3-யிலும் உண்டு, ஏ6-இலும் உண்டு. உள்ளே இருப்பது வேறு வேறு. பானெட்டைத் திறந்து இன்ஜின் குறுக்காக இருக்கிறதா, நெடுக்காக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குறுக்காக இருந்தால் அடிப்படையில் அது முன் சக்கர வண்டி. பின்னால் ஒரு மல்டி பிளேட் கிளட்ச் இருக்கும், தேவைப்படும்போது அது இறுகிப் பின் சக்கரங்களுக்கு விசை அனுப்பும். ஹால்டெக்ஸ் என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வது இதைத்தான். கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3, ஸ்கோடா ஆக்டேவியா 4x4 எல்லாம் இந்த வகை. எடை குறைவு, மைலேஜும் பரவாயில்லை. பழைய தலைமுறைகளில் முன் சக்கரம் வழுக்கிய பிறகே பின்னால் விசை போனது, அதனால் ஈர வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளியே தள்ளும். இப்போது ஸ்டீயரிங் கோணத்தையும் ஆக்சிலரேட்டரையும் பார்த்து முன்கூட்டியே இறுக்கிவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆரில் பின் அச்சுக்கு இரண்டு கிளட்ச் கொடுத்து, வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக விசை தள்ளி வண்டியை வளைவுக்குள் திருப்புகிறார்கள். ஓட்டினால் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

நெடுக்காக இருந்தால் கதை வேறு. மேனுவல் கியர்பாக்ஸ் உள்ள சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். சாதாரணமாக முன்னும் பின்னும் 50:50 என்று பிரிக்கும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்டிரைவ் இயல்பாக 40:60 என்று பின்பக்கம் சாயும். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து தள்ளும் அந்த உணர்வு எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வண்டிகளில் பின் சீட்டின் நடுவே தரை ஒரு மேடாக எழும்பி நிற்கும், பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட் என்ற தண்டு அடியில் போவதால். நடுவில் உட்காருபவர் கால்களை இரண்டு பக்கமும் அகட்டி வைக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

மூன்றாவது வகையில் ஷாஃப்ட்டே கிடையாது, பின்னால் மின் மோட்டார் இருக்கும். வால்வோ வி60 டி8-இல் முன்னால் பெட்ரோல் இன்ஜின், பின் சக்கரங்களுக்கு மோட்டார். முழு மின்சார வண்டிகளில் முன்னும் பின்னும் மோட்டார்: டெஸ்லா மாடல் 3, ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவை. எந்த கிளட்சையும் விட மோட்டார் வேகமாக விசையை மாற்றும். ஐயோனிக் 5-இல் தரையும் சமமாக இருப்பதால் பின் சீட்டில் சண்டை குறையும். இவற்றின் குறை என்றால் எடைதான், ஸ்போர்ட்டி வகைகளில் பல 2 டன்னைத் தாண்டிவிடும், டயரும் சீக்கிரம் தேயும். ஹைப்ரிட் எடுப்பவர்கள் பின் மோட்டாரின் திறனைக் கேளுங்கள். டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட்டில் அது 40 கிலோவாட் மட்டுமே. வழுக்கும் மேட்டில் ஏற அது போதும், வளைவில் வண்டியைத் தள்ளுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

எந்த வகையானாலும் ஒன்று மாறாது. நான்கு சக்கர இழுவை புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் வளைவிலிருந்து வெளியேறுவதற்கும்தான் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எல்லா கார்களும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கின்றன, இதில் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை, கூடிய எடையைத் தவிர. ஈரச் சாலையில் வழுக்காமல் கிளம்பிவிடுவதால் பிடிப்பு நிறைய இருப்பதாக நம்பிக்கை வந்துவிடும், முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால்தான் உண்மை தெரியும். சாலையைத் தொடுவது டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பனி பெய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் கருத்து இது: நல்ல குளிர்கால டயர் போட்ட இரு சக்கர இழுவை வண்டி, கோடை டயரோடு திரியும் ஆல் வீல் வண்டியை விடப் பாதுகாப்பானது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். ஆகவே பட்ஜெட் போடும்போதே ஒரு நல்ல டயர் செட்டுக்குத் தனியாக ஒதுக்குங்கள். குதிரைத்திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை, 250 இருந்தால் குடும்பத்தோடு போகும்போது ஓவர்டேக் செய்ய ஏராளம்.

தம்பி அதிகம் புலம்புவது இந்த டயர் விஷயத்தில்தான். ஒரு டயர் வெடித்தது, அதை மட்டும் மாற்றினேன் என்று வருவார்கள். புது டயருக்கும் பழசுக்கும் பட்டனில் (சாலையைத் தொடும் ரப்பர் வெட்டுகளின் ஆழத்தில்) 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் 8, சுற்றளவில் சுமார் 25 மில்லிமீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும் என்று வைத்தால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 12.5 மீட்டர் வித்தியாசம். அதையெல்லாம் நடுவில் உள்ள கிளட்சோ டிஃபரன்ஷியலோதான் ஓயாமல் தாங்க வேண்டும், சூடாகித் தேய்ந்துபோகும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது சுபாரு. பட்டன் கணக்கில் அது ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், இடையிடையே இடம் மாற்றிப் போடுங்கள்.

ரிம் அளவில் பேராசை வேண்டாம். 19 அங்குல ரிம்முக்கான 235/35 ஆர்19 டயரின் பக்கச் சுவர் 82 மில்லிமீட்டர், 17 அங்குலத்துக்கான 225/45 ஆர்17-க்கு 101. அந்த 19 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றும், பின்னால் தூங்குகிற பிள்ளையையும். என் பெரியவளுக்கு வளைவான சாலையில் வயிறு பிரட்டும், கடினமான சஸ்பென்ஷனில் அது இரட்டிப்பாகும். மிருதுவாகவும் இறுக்கமாகவும் மாற்றக்கூடிய டேம்பர் (ஷாக் அப்சார்பர்) கிடைத்தால், சன்ரூஃபை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். சிறிய ரிம் போட நினைத்தால் முன் பிரேக்கின் மேல் அது உட்காருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரிய பிரேக் உள்ள வண்டிகளில் 17 அங்குலம் நுழையாது.

டெஸ்ட் டிரைவை வீட்டு ஆட்களோடு போங்கள். தனியாகப் போனால் ஆக்சிலரேட்டரைத்தான் மிதிப்போம். முதல் கால் மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இரண்டு வகை: இரண்டு கிளட்ச் கொண்ட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து போகும்போது வெட்டி இழுக்கலாம், எண்ணெய் வழியே விசை கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளது பெரும்பாலும் வழுவழுவென்று போகும். அப்புறம் மோசமான சாலையில் ஸ்போர்ட் மோடு, சாதாரண மோடு இரண்டிலும் ஓட்டுங்கள். பின்னால் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லாயிருக்கு என்பார்கள். பேச்சு நின்றுபோகிறதா, கை மேலே பிடியைத் தேடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

பழைய வண்டி என்றால், காய்ந்த தரையுள்ள காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும். சக்கரங்கள் விக்கி விக்கித் தாவினாலோ அடியில் கடகடவென்று அதிர்ந்தாலோ, நடு கிளட்சோ டிஃபரன்ஷியலோ இறுகிக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா என்று பார்த்தாலே முன்னாள் உரிமையாளரின் குணம் தெரிந்துவிடும். சர்வீஸ் புத்தகத்தில் இன்ஜின் ஆயில் மட்டும் எழுதியிருந்தால் போதாது; பின் டிஃபரன்ஷியல், கிளட்ச் யூனிட், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஆயில்கள் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்படும் ஆயிலையும் தம்பி மாற்றச் சொல்கிறான், நான் அவன் பக்கம். இன்ஜின் ட்யூனிங் செய்து திறனை ஏற்றிய வண்டியை, விலை எவ்வளவு இறங்கினாலும், தொடாதீர்கள்.

நான் இன்று வாங்குவதாக இருந்தால்: நெடுக்கு இன்ஜின், ஸ்டேஷன் வேகன், 18 அங்குல ரிம், டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். பின் நடு சீட்டில் யாரும் உட்காராத வீடு எங்களுடையது, அதனால் மேடு பிரச்சினையில்லை. மூன்று பிள்ளைகள் இருந்தால், நடு மேடு சிறிதாக இருக்கும் குறுக்கு இன்ஜின் வேகனோ மின்சார வண்டியோதான் என் தேர்வாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள், ஸ்போர்ட்டி வகை என்றாலே அது எகிறும். வண்டி வழியில் நின்றால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டி இழுத்துப் போக விடாதீர்கள், உள்ளே உள்ள கிளட்ச் கருகிவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள், வீட்டில் வண்டியை எடுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.