பௌலிங் லீக்கில் சமன் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் லீக் ஒன்று. சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து, எல்லோரும் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பட்டியல் வருகிறது. முதல் இரண்டு அணிகளுக்கும் 71½ புள்ளிகள். "நேருக்கு நேர் மோதியதில் நாங்கள்தானே ஜெயித்தோம்" என்கிறார் ஓர் அணியின் கேப்டன். "சீசன் முழுக்க அதிகப் பின்களைச் சாய்த்தவர்கள் நாங்கள்" என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் நியாயம்தான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. பத்துப் பின் பௌலிங்கில் சமனை முறிக்க நியாயமான வழிகள் நாலைந்து உண்டு. ஒரு வழியில் ஜெயிக்கும் அணி இன்னொரு வழியில் தோற்கும். எந்த வழி யாருக்குச் சாதகம் என்று தெரிந்துவிட்ட பிறகு அவற்றில் ஒன்றைப் பொறுக்கினால், கூடவே சாம்பியனையும் பொறுக்கிவிடுகிறோம்.

ஆகவே விதியை முதல் வாரத்துக்கு முன்பே எழுதி வைக்காததுதான் பெரிய தவறு. "நமக்குள் என்ன, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது நண்பர்கள் சேர்ந்து நடத்தும் லீக்குகளில்தான் அதிகம். மனக்கசப்பு ஆறாமல் கிடப்பதும் அங்கேதான். ஒரே ஓர் அளவுகோலை எழுதிவிட்டு நிறுத்துவதும் பாதிக் கிணறு தாண்டிய கதை. அதிலும் சமன் வந்தால் அடுத்தது எது, அதற்கும் அடுத்தது எது என்று மூன்று படிகளாவது வேண்டும்.

அது உண்மையில் சமன்தானா?

ஹேண்டிகேப் (சராசரி குறைந்தவருக்கு ஈடாகச் சேர்க்கும் கூடுதல் பின்கள்) உள்ள லீக்கில் சமன் என்று பட்டியல் சொன்னாலே நம்பிவிடக் கூடாது. 220ஐ அடிப்படையாக வைத்து, அதற்கும் ஆட்டக்காரரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவீதத்தை ஹேண்டிகேப்பாகத் தரும் லீக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அணியில் நால்வர். சராசரிகள் 171, 163, 152, 148. அவர்களுக்கு வரும் ஹேண்டிகேப் 44.1, 51.3, 61.2, 64.8. ஒவ்வொருவருக்கும் தசமத்தை வெட்டிவிட்டுக் கூட்டினால் அணிக்கு 220. கூட்டிய பிறகு வெட்டினால் 221. அந்த ஒரு பின் போதும். சமன் என்று எழுதிய ஆட்டம் வெற்றியாகவோ தோல்வியாகவோ மாறிவிடும். இரண்டு முறையிலும் குற்றம் இல்லை. ஒரு வாரம் ஒருவர் ஒரு முறையிலும், மறு வாரம் இன்னொருவர் வேறு முறையிலும் கணக்குப் போடுவதுதான் குற்றம். ரோல் ஆஃப் (சமனை முறிக்க வீசும் கூடுதல் சுற்று) பற்றிப் பேசத் தொடங்கும் முன், அந்த இரண்டு அணிகளின் சீசன் தாள்களையும் இன்னொருவரைக் கொண்டு முதலிலிருந்து கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த "சமன்"களில் சில அந்த மேசையிலேயே தீர்ந்துவிட்டன.

ஓர் இரவின் ஒற்றை ஆட்டம் சமனானால் அதை முறிக்கவே தேவையில்லை. புள்ளியைப் பாதியாகப் பிரித்தால் முடிந்தது. சிலர் இரு அணிக்கும் பூஜ்யம் போடுகிறார்கள், சிலர் தாராளமாக இருவருக்கும் முழுப் புள்ளி தருகிறார்கள். இரண்டுமே மற்ற அணிகளைப் பாதிக்கும். ஆட்டத்துக்கு 2 புள்ளி வீதம் மூன்று ஆட்டங்கள், மொத்தப் பின்களுக்கு 1 என்றால், ஒவ்வொரு மோதலிலும் 7 புள்ளிகள் பகிரப்பட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. செயலருக்கு இதைவிட எளிய சரிபார்ப்பு கிடைக்காது.

ஸ்ட்ரைக்கை எண்ணும் ஆசை

"யார் அதிக ஸ்ட்ரைக் போட்டார்களோ அவர்களுக்கு வெற்றி." கேட்க நன்றாக இருக்கும் விதி, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விதி. 190 எடுத்த இருவரைப் பாருங்கள். (ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம், ஃபிரேமுக்கு இரண்டு பந்து வரை. முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக்; அதோடு அடுத்த இரண்டு பந்துகளின் பின்களும் கூடும். இரண்டு பந்தில் பத்தும் சாய்ந்தால் அடுத்த ஒரு பந்தின் பின்கள் கூடும்.)

முதலாமவர் பத்து ஃபிரேமிலும் முதல் பந்தில் 9 பின்கள் சாய்த்து, மிஞ்சிய ஒன்றை இரண்டாம் பந்தில் எடுக்கிறார். கடைசிக் கூடுதல் பந்திலும் 9. ஃபிரேமுக்கு 19 என்று மொத்தம் 190. ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லை. கோட்டை விட்ட ஃபிரேமும் ஒன்றுகூட இல்லை.

இரண்டாமவர் தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக் போடுகிறார். நான்காம் ஃபிரேமில் 9 எடுத்து மிஞ்சிய பின்னைத் தவறவிடுகிறார். முதல் நான்கு ஃபிரேம்களுக்கு 30, 29, 19, 9, ஆக 87. அடுத்த நான்கிலும் அதே கதை, இன்னொரு 87. ஒன்பதாவதில் 9, பத்தாவதில் 7 என்று இரண்டையும் ஓப்பன் ஃபிரேமாக (இரண்டு பந்திலும் பத்தும் சாயாமல்) விடுகிறார். கூட்டினால் அதே 190.

ஸ்ட்ரைக்கை எண்ணினால் ஆறுக்குப் பூஜ்யம் என்று இரண்டாமவர் ஜெயிக்கிறார். ஓப்பன் ஃபிரேமை எண்ணினால் நான்கு முறை கோட்டை விட்ட அவர் தோற்கிறார். ஸ்ட்ரைக்குக்கு உரிய வெகுமதியை 190 என்ற எண் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதே ஸ்ட்ரைக்குக்கு மறுபடியும் கூலி கொடுப்பானேன்?

இந்த வலியைக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241இல் சமன், சூப்பர் ஓவரில் 15இலும் சமன். பவுண்டரிக் கணக்கு 26க்கு 17 என்று கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. விதி முன்பே எழுதப்பட்டதுதான். ஆனாலும் சில மாதங்களிலேயே ஐசிசி அதைக் கைவிட்டு, முடிவு தெரியும்வரை சூப்பர் ஓவர் என்று மாற்றியது. முன்கூட்டியே எழுதிவிட்டால் மட்டும் மோசமான விதி நல்ல விதியாகிவிடாது.

நேருக்கு நேர், மொத்தப் பின்கள்

இரண்டே அணிகள் சமன் என்றால் நேருக்கு நேர் முடிவு நல்ல முதல் படி. மூன்று அணிகள் என்றால் அது சுற்றிச் சுற்றி வரக்கூடும்: முதலணி இரண்டாவதை வென்றிருக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலணியை. இந்த மூன்றுக்குள் மட்டும் நடந்த ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது வழி. ஒரு மூலை மட்டும் மறந்துபோகும். அந்தக் கூட்டலில் ஓர் அணி முன்னேறியோ பின்தங்கியோ பிரிந்துவிட்டால், மிஞ்சிய இரண்டும் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குமா, அடுத்த படிக்குப் போகுமா? விதியில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

மொத்தப் பின்களை எடுத்துக்கொள்வதாக இருந்தால், ஹேண்டிகேப் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லுங்கள். ஹேண்டிகேப் லீக்கில் சேர்க்காத எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்தால், சராசரி உயர்ந்த அணிக்கு ஒவ்வொரு முறையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறோம். எதிரணி வராத வாரம், ஆள் குறைந்து உத்தேச ஸ்கோர் போட்ட வாரம் எல்லாம் எப்படிச் சேரும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஆட்டங்களின் எண்ணிக்கை சமமில்லை என்றால் மொத்தத்துக்குப் பதில் ஆட்டத்துக்கு எத்தனை என்ற சராசரியே நேர்மை.

ஒரே பந்தில் தீர்த்துவிடலாமா?

தொழில்முறைப் போட்டிகளில் ஆளுக்கு ஒரு பந்து, அதிகம் சாய்த்தவர் வெற்றி என்று சமனை முறிப்பதுண்டு. ஹேண்டிகேப் இல்லாத இடத்துக்கு அது பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படும் பொழுதுபோக்கு லீக்குகள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

சராசரி 200 உள்ளவருக்கு முன் சொன்ன முறையில் ஹேண்டிகேப் 18. சராசரி 140 உள்ளவருக்கு 72. ஃபிரேமுக்கு 1.8, 7.2. ஒரே பந்துக்கு இதைச் சேர்த்தால், முதலாமவர் ஸ்ட்ரைக் போட்டாலும் 11.8தான், மற்றவர் ஐந்தே பின்கள் சாய்த்து 12.2 என்று ஜெயித்துவிடுவார். இது கேலிக்கூத்து. சரி, ஹேண்டிகேப்பே வேண்டாம் என்றால், சீசன் முழுக்க அவரைச் சமமாக நிறுத்திவைத்த ஏற்பாட்டைக் கடைசி நிமிடத்தில் பிடுங்கிவிடுகிறோம்.

நேரம் இருந்தால் முழு ஆட்டம் ஒன்று ஆடுவதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் ஒன்பதாம், பத்தாம் ஃபிரேம்களை மட்டும் ஆடி, ஹேண்டிகேப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கலாம். அந்த இருவருக்கும் அது 3.6, 14.4. இங்கே தசமத்தை வெட்டாதீர்கள். அது மிஞ்சியிருந்தால் மறுபடி சமன் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

அணிகளுக்கு இடையே என்றால் எல்லோரும் வீச வேண்டும். "அணிக்கு ஒருவர்" என்றதும் ஒவ்வொரு கேப்டனும் தன் நட்சத்திரத்தை இறக்குவார்; நான்கு பேர் சேர்ந்து சம்பாதித்த புள்ளி இரண்டு பேரின் கையில் போய் நிற்கும். ஓர் அணி அப்போதுதான் ஆடி முடித்துக் கை சூடாக இருக்க, மற்றது ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கும் நிலையும் வரும். இரு அணிக்கும் சில பயிற்சிப் பந்துகள் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு ஃபிரேம் இடது லேனில் (பந்து உருளும் தடம்), ஒன்று வலது லேனில் என்று வையுங்கள். பந்துகள் உருள உருள லேனில் பூசிய எண்ணெய் இடம் மாறும் என்பதால், ஒரு தரப்பு மூன்று ஆட்டம் ஆடிப் பழகிய ஜோடி லேனைவிட இரு தரப்புக்கும் புதிதானது நல்லது. யார் முதலில் வீசுவது என்பதற்குச் சீட்டு.

இவ்வளவு ஏற்பாடும் முதல் இடத்துக்கு மட்டும் போதும். இரண்டாம், மூன்றாம் இடங்கள் சமனானால் இரண்டு பரிசையும் கூட்டிப் பாதியாகப் பிரித்துவிடலாம். 100ம் 60ம் என்றால் ஆளுக்கு 80. இருவருக்கும் இரண்டாம் பரிசையே கொடுத்துவிட்டு, கணக்கில் 40 எங்கே போனது என்று பொருளாளரைத் தேடவைக்காதீர்கள். கோப்பை ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. முதல் ஆறு மாதம் யாரிடம் என்பதற்கு நாணயத்தைச் சுண்டினால் போதும்.