மணலில் பிறந்த குட்டிக்குத் தரைப் பழக்கம்: கடற்கரை வீடுகளில் நாம் செய்யும் தவறுகள்

பாம்பன் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியில் பிறந்த நாய்க்குட்டி ஒன்றைப் போன வருஷம் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வெளியே கூட்டிப் போனால் அரைமணி நேரம் நண்டு வளைகளை மோந்துகொண்டு திரியும். ஒரு சொட்டு மூத்திரம் போகாது. திரும்பி வந்து வாசற்படி தாண்டியதும் நேரே வலைக்குவியல் மேல் ஏறிப் போய்விடும். "இது முரண்டு பிடிச்ச சாதி, கரையிலயே கொண்டுபோய் விட்ருங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. விடவில்லை. அது முரண்டே பிடிக்கவில்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. நாங்கள் தெரியாமல் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

எங்கே மூத்திரம் போவது என்பதைக் குட்டி பாதத்தாலும் மூக்காலும் முடிவு செய்கிறது. பிறந்து இரண்டு மாதம் வரை எந்தத் தரையில் போய்ப் பழகியதோ, அதே மாதிரித் தரையைத்தான் பிறகும் தேடும். மணலில் பிறந்ததற்கு மணல் வேண்டும், அல்லது ஈரத்தை உறிஞ்சும் ஏதாவது வேண்டும். வலை, சாக்கு, ஓலைப்பாய், கால்மிதி எல்லாம் அதற்கு ஒன்றே, காலில் தெறிக்காது. நம் வீடுகளில் காலோடு வரும் மணல் கதவு மூலையில் சேர்ந்து கிடக்கும். நமக்கு அது குப்பை, குட்டிக்கு அழைப்பு. ஆகவே முதல் ஒரு மாதம் வலையும் பாயும் சாக்கும் தரையில் கிடக்கக் கூடாது, மூலை மணலை இரண்டு வேளையும் கூட்ட வேண்டும். பிறகு ஒரு பழைய மீன்பெட்டியில் முற்றத்து மணலை நிரப்பி, குட்டியின் மூத்திரத்தைத் துடைத்த துணியை அதன் மேல் ஒரு தடவை ஒற்றி எடுத்து, பின்வாசல் பக்கம் வையுங்கள். அதில் போகப் பழகியதும் நாளுக்கு இரண்டடியாக வெளியே நகர்த்துங்கள். எங்கள் குட்டிக்கு வழி திறந்தது இந்தப் பெட்டியில்தான்.

ஆக மோசமான தவறு அடிப்பது. மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதையும் இதில்தான் சேர்க்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் செய்கிறார்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன் செய்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் உள்ள தொடர்பு குட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ஒன்று: மனுஷன் பார்க்கும்போது போனால் அடி விழும். அன்றிலிருந்து பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், நாம் பார்க்காத இடமாகத் தேடிப் போகும். வெளியே கூட்டிப் போனாலும் நாம் பக்கத்தில் நிற்கிறோமே என்று அடக்கிக்கொண்டே இருக்கும். "வெளிய போகவே மாட்டேங்குது" என்று புலம்பும் பல வீடுகளில் நடந்திருப்பது இதுதான். உள்ளே போகும்போதே பார்த்துவிட்டால் கையை ஒரு தட்டு தட்டி, தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். மீதியை அங்கே முடித்தால் முடித்த கையோடு பாராட்டுங்கள். முள் எடுத்த அவித்த சூடை மீன் துண்டு ஒன்று போதும். வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் போட்டால் அது சாப்பாடு, பாராட்டு ஆகாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: வெளியே போன வேலை முடிந்த உடனே தூக்கிக்கொண்டு உள்ளே வருவது. முடித்தால் வெளியில் இருக்கும் நேரம் போய்விடும் என்று குட்டி இரண்டே நாளில் படித்துவிடும். ஆட்டமும் உலாத்தலும் வேலை முடிந்த பிறகு இருக்கட்டும். அதுவரை ஒரே இடத்தில் பேசாமல் நில்லுங்கள்.

உள்ளே போன இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவுவது நம் எல்லார் வீட்டிலும் பழக்கம். அந்த வாடை நம் மூக்குக்கு மேலாகத் தெரியும்; அடியில் இருக்கும் மூத்திர வாடை குட்டியின் மூக்குக்கு அப்படியே இருக்கும். தரையை நக்குகிற குட்டிக்குப் பினாயில் விஷமும் கூட. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் கழுவி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். சிமெண்ட் தரை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், அதனால் இரண்டு தடவை துடைக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

சாப்பாட்டை யாரும் யோசிப்பதில்லை. நம் கரையில் நாய்க்குப் போவது மிஞ்சிய சோறும் கருவாட்டுக் குழம்பும். அத்தனை உப்பு உள்ளே போனால் குட்டி பானையைக் காலி செய்யும், குடித்ததையெல்லாம் விட்டுத்தானே ஆக வேண்டும்? பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. குட்டிக்கு நாம் குடிக்கிற தண்ணீரையே வையுங்கள், கருவாட்டை நிறுத்துங்கள். மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீரையே எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. குறைக்க வேண்டியது உப்பை. மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை, அதே நேரத்தில் வையுங்கள். சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் வெளியே போக வேண்டிவரும் என்று உங்களுக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு என்றால், குட்டியின் வயது எத்தனை மாதமோ ஏறத்தாழ அத்தனை மணி நேரம்தான் பகலில் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், ராத்திரி படுக்கும் முன்னும் கட்டாயம் வெளியே. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் முழுக் கட்டுப்பாடு வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தூணில் கட்டிப்போட்டால் அது படுக்கிற இடத்திலேயே போக வேண்டிவரும். படுக்கையை அசிங்கப்படுத்தக் கூடாது என்று அதற்கு இயல்பாக இருக்கும் கூச்சமும் செத்துப்போகும். வீடு முழுக்க அவிழ்த்துவிடுவதும் தப்பு. உங்கள் கண்ணுக்கு எட்டும் ஒரு அறை போதும்.

விசைப்படகு வீடுகளில் ஒன்றைக் கவனித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆம்பிளைகள் வீட்டில் இருக்கிறார்கள், குட்டி வாங்குகிறார்கள், மணிக்கொரு தரம் வெளியே கூட்டிப் போகிறார்கள். குட்டியும் அழகாகப் பழகுகிறது. தடை முடிந்து படகு இறங்கிய வாரமே எல்லாம் கெட்டுவிடும். குட்டி மறக்கவில்லை, கூட்டிப் போகும் ஆள்தான் கடலுக்குப் போய்விட்டார். மே மாதக் கடைசியிலேயே வீட்டில் இருக்கப்போகிறவர் கைக்கு அந்த வேலையை மாற்றிவிடுங்கள், அதே வாசல், அதே இடம், அதே சொல்லோடு.

கடற்கரை பக்கத்தில்தானே என்று தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே பழக்காதீர்கள். மீன் கழிவுக்குத் தெருநாய்கள் கூடும் இடம் அது. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி பதினாறு வாரம் வரை போகும். அதுவரை சொந்த முற்றம் போதும்.

உங்களைக் கண்டதும் குழைந்து, தரையோடு படுத்து இரண்டு சொட்டு விடுகிற குட்டி இருக்கும். அது பயமும் பணிவும். குனிந்து தடவாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், வளர வளரப் போய்விடும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், முக்கினால், ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காற்றும் மழையும் தனி. ஆனி ஆடியில் தகரம் படபடக்கும் பக்கம் குட்டி போகாது. காற்று மறைவாக ஒரு இடம் பார்த்துக் கொடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த மணலில் கால் வைக்கவும் மறுக்கும். அதற்கு முன்பே முற்றத்தில் அது போகும் மூலைக்கு மேலே நாலு கிடுகு போட்டு, அடியில் காய்ந்த மணல் இரண்டு கூடை கொட்டிவையுங்கள்.