ஜப்பானிய எழுத்துத் தெரியாமல் கொக்கு மடிப்பது

பாம்பனில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடற்காற்றில் ஈரம் ஏறிய தாள் இயந்திரத்துக்குள் சிக்கிக் கசங்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தாளாவது வீணாகும். கசங்காமல் தப்பியவற்றைக் கத்திக் கப்பலாக மடித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஓரிகாமி, அதாவது ஜப்பானியக் காகித மடிப்புப் புத்தகம் கிடைத்தது. முழுக்க ஜப்பானிய மொழி. "இதைப் படிக்கத் தெரியுமா அண்ணே?" என்று கடைப் பையன் சிரித்தான். தெரியாது. தெரியவே வேண்டாம் என்பது மூன்றாம் நாள் புரிந்தது.

எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள். கோடு விட்டு விட்டு வரைந்திருந்தால் உங்களை நோக்கி மடியுங்கள், பள்ளம் விழும். கோடும் புள்ளியும் கலந்து வந்தால் பின்பக்கமாக மடியுங்கள், மேடு நிற்கும். அம்பு ஒரு சுழி போட்டுப் போனால் தாளைத் திருப்பிப் போடுங்கள். ஜப்பானிய மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954 இல் வெளியிட்ட புத்தகத்தின் குறிமுறை இது. 1961 வாக்கில் ஆங்கிலத்தில் மடிப்புப் புத்தகம் எழுதிய சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அதைச் சற்றே மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எந்த நாட்டுப் புத்தகமானாலும் பாம்பனில் உட்கார்ந்து மடிக்க முடிகிறது.

செய்யும் படத்தைவிட அடுத்த படத்தில் கண் வையுங்கள். மூன்றாம் படத்தின் அம்பு எங்கே போகிறது என்று புரியாவிட்டால், நான்காம் படத்தில் அது போய்ச் சேர்ந்திருக்கும். காணொளி எனக்கு ஒத்துவரவில்லை. முக்கியமான இடத்தில் மடிப்பவரின் கையே தாளை மறைத்துவிடுகிறது.

சதுரத் தாளுக்குக் கடை தேடி அலைய வேண்டாம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டருக்கு 297. குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தோடு பொருத்தி மடித்து, எஞ்சும் 87 மில்லிமீட்டர் பட்டையைக் கிழித்துவிட்டால் சதுரம். பட்டையில் நான் கணக்கு எழுதுகிறேன்.

ஈரத் தாளில் மடிப்பு நிற்காது. அரை மணி நேரம் தாளை இயந்திரத்தின் சூட்டில் வைத்து எடுப்பேன். மடிப்பை அழுத்தச் சோழியின் முதுகைவிட நல்ல கருவி இல்லை. நகம் தாளைக் கீறும். அம்மா கொட்டான் முடையும்போது பனையோலையை நனைத்துத்தான் எடுப்பார். காய்ந்த ஓலை ஒடியும். தாளுக்கு நேர்மாறு என்று இருந்தேன். யோஷிசாவாவோ தாளை ஈரமாக்கியே மடித்திருக்கிறார்! அது தடித்த தாளுக்கு. நகல் தாளை நனைத்தால் கூழ்தான்.

இனி கொக்கு. அச்சுள்ள பக்கம் மேலே இருக்க, மூலைக்கு மூலை இரண்டு மடிப்பு. திருப்பிப் போட்டு நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. நான்கு மூலைகளையும் ஒன்றாகக் குவித்தால் சிறு சதுரமாகப் படியும். படியாமல் முரண்டு பிடித்தால் திருப்பிப் போட மறந்திருக்கிறீர்கள்.

அடுத்து வரும் இதழ் மடிப்பில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள். எனக்கு இரண்டு வாரம் போனது. திறந்த மூலை உங்களைப் பார்க்கட்டும். மேலடுக்கின் இரண்டு கீழ் ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேலே எஞ்சும் முக்கோணத்தைக் கீழே மடித்து அழுத்துங்கள். மூன்றையும் பிரியுங்கள். இப்போது மேலடுக்கின் கீழ் முனையை மட்டும் பிடித்து, அந்தக் குறுக்கு மடிப்பிலிருந்து எழும்படி மேலே தூக்குங்கள். கப்பலுக்கு வழிவிடப் பாம்பன் பழைய ரயில் பாலத்தின் கை முன்பு எழுந்ததே, அப்படி. பக்க ஓரங்கள் உள்நோக்கி வரும். அவை வெளியே பிதுங்கினால் இழுக்காதீர்கள். அந்த இரண்டு சாய்வு மடிப்புகளையும் எதிர்ப்பக்கம் திருப்பி அழுத்திவிட்டு மறுபடி தூக்குங்கள். பின்பக்கமும் இதே வேலை.

மற்றவை எளிது. கீழே தொங்கும் இரண்டு கால்களையும் ஓரம் மடித்து ஒல்லியாக்குங்கள். மேலே தூக்கிய இரண்டு முனைகள்தான் இறக்கைகள். கால்கள் இரண்டையும் அவற்றுக்கு நடுவே உள்வாங்கி மேலே நிமிர்த்தினால் ஒன்று கழுத்து, ஒன்று வால். அலகு மடிப்பதற்கு முன் கொக்கை இன்னொரு முறை சூட்டில் வையுங்கள். ஐப்பசி மழையில் என் கடையில் செய்த கொக்குகளில் பாதி தலை தொங்கிப்போனது அந்த இடத்தில்தான்.